காடையும் கூழ்மரமும்: அமெரிக்கத் தெற்கின் பைன் தோட்டங்களில் இரட்டை நோக்கு உருவான வரலாறு

வர்ஜீனியாவிலிருந்து கிழக்கு டெக்சஸ் வரை ஒரு காலத்தில் சுமார் 9 கோடி ஏக்கரில் நீளிலைப் பைன் காடு பரவியிருந்தது. 1920களுக்குள் அதன் பெரும்பகுதி வெட்டித் தீர்க்கப்பட்டது. பின்னர் அந்நிலங்களில் விரைந்து வளரும் லாப்லாலி, ஸ்லாஷ் பைன்கள் வரிசை வரிசையாக நடப்பட்டன. மரமும் விற்க வேண்டும், காட்டுயிரும் வாழ வேண்டும் என்ற நோக்கு இத்தோட்டங்களுக்குள் வந்ததில் வனவியலாளர்களைவிடக் காடை வேட்டைக்காரர்களுக்கே பங்கு அதிகம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஜார்ஜியாவின் தாமஸ்வில்லுக்கும் ஃபுளோரிடாவின் டல்லஹாசிக்கும் இடைப்பட்ட ரெட் ஹில்ஸ் பகுதியில் வடமாநிலச் செல்வந்தர்கள் வேட்டைக்கென்றே பெருநிலங்கள் வைத்திருந்தனர். காடை குறைந்துவரவே, அவர்கள் பணத்தில் 1924இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அதை நடத்திய ஹெர்பர்ட் ஸ்டாடர்ட், பாப்வைட் காடை பற்றி 1931இல் வெளியிட்ட நூலில், தீ படாத காட்டில் காடை பெருகாது என்று காட்டினார். புதர் அடர்ந்தால் குஞ்சுகளால் தரையில் நடமாட முடியாது. விதையும் பூச்சியும் கிடைக்காது. குளிர்காலக் கடைசியில் காட்டுக்குத் தீ வைத்துவந்த அவ்வூர் மக்களின் வழக்கத்தில் அறிவு இருந்தது என்பதே இதன் உட்பொருள். அன்று அதைச் சொல்லத் துணிவு வேண்டும். அதே ஆண்டுகளில்தான் அமெரிக்க வனவியல் சங்கம் 'டிக்சி குருசேடர்ஸ்' என்ற பரப்புரையாளர்களை ஊர் ஊராக அனுப்பி, தீக்கு எதிராகத் திரைப்படம் காட்டிக்கொண்டிருந்தது. மத்திய வனத்துறை தெற்கிலுள்ள தன் பைன் காடுகளில் தீயிட ஒப்புதல் தந்தது 1943இல்தான்.

1950இல் ஸ்டாடர்டிடம் பணிக்குச் சேர்ந்தவர் லியான் நீல். இருவரும் வளர்த்த முறையில் மொத்தமாக வெட்டுவதில்லை. மரம் மரமாகத் தேர்ந்து, காடு வளரும் அளவைவிடக் குறைவாகவே எடுப்பார்கள். ஆனால் அந்நிலத்துக்காரர்கள் மரக்காசை நம்பி அடுப்பெரித்தவர்கள் அல்லர். இதை மறந்து அம்முறையைப் புகழ்பவர்கள் அதன் பாதியைத்தான் பார்க்கிறார்கள்.

மறுபாதி காகிதம். இளம் தெற்குப் பைனிலிருந்து செய்தித்தாள் காகிதம் செய்ய முடியும் என்பதைச் சார்லஸ் ஹெர்ட்டி 1930களின் தொடக்கத்தில் தம் சவானா ஆய்வகத்தில் நிறுவினார். 1936இல் அந்நகரில் யூனியன் பேக் ஆலை இயங்கத் தொடங்கியது. 1956இன் சாயில் பேங்க் திட்டம் உழுநிலங்களில் பைன் நட மானியம் கொடுத்தது. ஏக்கருக்கு 600, 700 கன்றுகள் என நெருக்கி நட்ட தோட்டத்தில் கிளைகள் கூடியதும் வெயில் உள்ளே விழாது. தரையில் சருகுதான் மிஞ்சும். காடைக்கு அங்கே வேலையில்லை. கோபர் ஆமைக்கும் மேய்ச்சல் இல்லை. அதன் வளையோ 350க்கு மேற்பட்ட உயிரினங்கள் ஒதுங்கும் இடம்.

இரு கணக்கும் சந்திப்பது இடைவெட்டில். நட்ட 12 முதல் 18 ஆண்டுகளுக்குள் நெருக்கத்தைக் குறைத்தால், வெட்டிய மெல்லிய மரம் கூழ் ஆலைக்குப் போகும். நிற்பவை பருத்து, அதிக விலை பெறும் அறுப்பு மரமாகும். வெயில் விழுந்த இடத்தில் புல்லும் பயற்றினச் செடிகளும் முளைக்கும். அதோடு நிறுத்திவிட முடியாது: இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை தீயிடாவிட்டால் ஸ்வீட்கம் போன்ற அகலிலை மரங்கள் மீண்டும் மூடிவிடும். காட்டுயிருக்காக மரங்களை மேலும் ஐதாக்கினால் வருமானம் குறையும். அதை வேட்டைக் குத்தகை ஓரளவே ஈடுகட்டுகிறது.

சட்டம் இதில் ஒரு முரணை உண்டாக்கியது. முதிர்ந்த, உயிருள்ள பைனில் மட்டும் பொந்து குடையும் ரெட்-காக்கேடட் மரங்கொத்தி 1970இல் அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. பறவை வந்தால் வெட்டத் தடை வரும் என்ற அச்சத்தில் வட கரோலினா நிலத்துக்காரர்கள் மரத்தை இளமையிலேயே வெட்டினர் என்பதைப் பொருளியலாளர்கள் லூக், மைக்கேல் 2003இல் காட்டினர். அம்மாநிலத்தின் சாண்ட்ஹில்ஸ் பகுதியில் 1995இல் வந்த 'சேஃப் ஹார்பர்' ஒப்பந்தம் இதற்கு மாற்று: ஏற்கெனவே இருந்த பறவைகளைக் காத்தால் போதும், புதிதாக வருபவற்றால் புதுக் கட்டுப்பாடு கிடையாது. 2024இல் அப்பறவையின் நிலை ஒரு படி தளர்த்தப்பட்டது.

ஆனால் இடைவெட்டு கூழ் ஆலையை நம்பியது. 1936இல் தொடங்கிய அந்தச் சவானா ஆலை 2025இல் மூடப்பட்டது. அருகில் வாங்குவார் இல்லாதபோது முதல் இடைவெட்டுக்கு நிலத்துக்காரர் கைக்காசு போட வேண்டியிருக்கும். நடும்போதே கன்றுகளைக் குறைத்து இடைவெளியைக் கூட்டுவது அவருக்கு எஞ்சியுள்ள வழிகளில் ஒன்று.