ஹேண்ட் பிரேக்: நிறுத்திய வண்டி நகராமல் இருக்க...

எண்ணூர் முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், கத்திவாக்கம், திருவொற்றியூர், காசிமேடு என்று கடலோரமாக நீளும் நம் பகுதியில் வண்டியோடு சம்பந்தமில்லாத வீடு அரிது. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் டிரைலர் ஓட்டுபவர், மீன் ஏற்றும் குட்டி யானை வைத்திருப்பவர், ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் தாய் என்று எல்லோரும் தினமும் பல முறை வண்டியை நிறுத்துகிறார்கள். ஓட்டும்போது இருக்கும் கவனம் நிறுத்தும்போது பலருக்கு இருப்பதில்லை. "வண்டிதான் நின்றுவிட்டதே" என்ற எண்ணமே காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பள்ளிவாசல் தெருவில் நின்றிருந்த ஒரு சரக்கு வேன், ஆள் இல்லாமலேயே மெதுவாகப் பின்னால் வந்தது. சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு மதில் சுவரில் முட்டி நின்றது. யாருக்கும் காயமில்லை. ஆனால் சற்று முன்புவரை அந்தச் சுவரோரம் சிறுவர்கள் செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் சொன்ன பதில் இன்றும் நினைவிருக்கிறது: "சமதரைதானே ஹஜ்ரத், ஹேண்ட் பிரேக் எதுக்குன்னு விட்டுட்டேன்."

சமதரை என்று கண்ணுக்குத் தெரிவது பல நேரம் சமதரையாக இருப்பதில்லை. மழைநீர் வடிவதற்காகச் சாலைக்கே சரிவு வைத்துத்தான் போடுகிறார்கள். மேம்பாலத்தின் இரு பக்க ஏற்றம், ரயில்வே கேட்டை ஒட்டிய மேடு, ஆற்றங்கரைக்கு இறங்கும் பாதை, வீட்டு வாசலில் வண்டி ஏற்றக் கட்டிய சாய்தளம் எல்லாம் சரிவுகளே. 30 அடிக்கு 1 அடி இறங்கும் சரிவில் பிடிப்பில்லாமல் விடப்பட்ட கார் முதல் இரண்டு மூன்று விநாடிகளில் நகர்வதே தெரியாது. ஆனால் பத்து விநாடியில் ஏறக்குறைய 10 மீட்டரும், இருபது விநாடியில் 40 மீட்டரும் போய்விடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரை நெருங்கும். சிறிய கார்கூட எழுநூறு, எண்ணூறு கிலோ எடை கொண்டது. அந்த எடையைக் கையால் தடுக்க எவராலும் முடியாது.

ஹேண்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

கால் பிரேக், திரவ அழுத்தத்தால் நான்கு சக்கரங்களையும் பிடிக்கிறது. ஹேண்ட் பிரேக் தனி ஏற்பாடு. பெரும்பாலான கார்களில் லீவரை இழுத்தால் ஓர் இரும்புக் கேபிள் இழுபட்டு, பின்சக்கரங்களின் பிரேக்கை மட்டும் இறுக்கும். கால் பிரேக் கெட்டுப்போனாலும் இது வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே தனியாக வைக்கப்பட்டிருக்கிறது. புதிய கார்கள் சிலவற்றில் லீவருக்குப் பதில் ஒரு பட்டன் இருக்கும். அதை இயக்கினால் சிறிய மோட்டார் பிரேக்கை இறுக்கும். பேட்டரி செத்துப்போனால் இந்த வகைப் பிரேக்கைப் போடவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஆகவே பேட்டரியைக் கழற்றும் முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்துக்கொள்வது அவசியம்.

லாரி, டிரைலர், பஸ் போன்ற ஏர் பிரேக் வண்டிகளில் நேர்மாறான ஏற்பாடு. அங்கே வலுவான ஸ்பிரிங்தான் பார்க்கிங் பிரேக். டேங்கில் உள்ள காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கி வைத்திருக்கும்வரை வண்டி ஓடும். பார்க்கிங் வால்வை இயக்கியதும் "புஸ்" என்று காற்று வெளியேற, ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். காற்று கசிந்து அழுத்தம் குறைந்தாலும் ஸ்பிரிங் தானாகப் பிடித்துவிடும். வண்டி ஓடக்கூடாத நிலையில் நின்றுவிட வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

நிறுத்தும்போது செய்ய வேண்டிய வரிசை

கியர் வண்டியில்:
1. கால் பிரேக்கை அழுத்தி வண்டியை முழுவதுமாக நிறுத்துங்கள்.
2. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட் பிரேக்கை உறுதியாக இழுங்கள்.
3. கால் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வண்டியின் எடை ஹேண்ட் பிரேக்கில் வந்து அமரும். நகர்ந்தால் அப்போதே தெரிந்துவிடும்.
4. இன்ஜினை அணைத்து, கியரில் போடுங்கள். சமதரையிலும் ஏற்றத்திலும் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ்.
5. சாவியை எடுத்துக்கொண்டு இறங்குங்கள்.

ஆட்டோமேட்டிக் காரில் "P"-யில் போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். "P"-யில் கியர்பாக்ஸைப் பிடித்திருப்பது ஒரு சிறிய இரும்புக் கொக்கி மட்டுமே. முதலில் ஹேண்ட் பிரேக், கால் பிரேக்கைத் தளர்த்தி எடை அமர்ந்த பின் "P" என்பதே சரியான வரிசை. 2016 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆன்டன் யெல்ச்சின் என்ற 27 வயது நடிகர், தன் வீட்டுச் சரிவில் நிறுத்திய ஜீப் பின்னால் உருண்டு வந்து, வாசல் தூணோடு அழுத்தியதில் உயிரிழந்தார். கியர் "P"-யில் விழுந்ததா இல்லையா என்று ஓட்டுநருக்குத் தெளிவாகத் தெரியவில்லை என்ற புகாரால், அந்த வகைக் கியர் லீவர் உள்ள சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்புதான் அறிவித்திருந்தது. கியரை மட்டும் நம்பக்கூடாது என்பதற்கு இது போதுமான பாடம்.

சரிவில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது?

நம் நாட்டில் சாலையின் இடது ஓரம் நிறுத்துகிறோம். இறக்கத்தைப் பார்த்து நின்றால் முன்சக்கரத்தை இடப்பக்கம், அதாவது ஓரத்தை நோக்கித் திருப்புங்கள். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும்போது நடைபாதைத் திட்டு இருந்தால் வலப்பக்கம் திருப்புங்கள். பிரேக் விட்டாலும் டயர் திட்டில் முட்டி நின்றுவிடும். திட்டு இல்லையென்றால் இடப்பக்கமே திருப்புங்கள். வண்டி உருண்டாலும் சாலையின் நடுவுக்குப் போகாது.

இரு சக்கர வண்டிகள், ஆட்டோ

கியர் பைக்கைச் சரிவில் முன்பக்கம் மேட்டைப் பார்க்கும்படி, முதல் கியரில் நிறுத்துங்கள். ஸ்கூட்டரில் இன்ஜினை அணைத்துவிட்டால் சக்கரத்தைப் பிடிக்க கியர் கிடையாது. சில ஸ்கூட்டர்களில் பிரேக் லீவரைப் பூட்டி வைக்கும் கிளிப் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சமமான இடம் பார்த்து நடு ஸ்டாண்டு போடுங்கள். ஆட்டோக்காரர்கள் சவாரி ஏற்றும்போது கால் பிரேக்கிலேயே நிற்பது வழக்கம். வயதானவர் ஒரு காலை உள்ளே வைத்து ஏறும் நேரத்தில் கால் வழுக்கினால் விழுவது அவர்தான். அந்த அரை நிமிடத்துக்கும் ஹேண்ட் பிரேக் போடலாம்.

துறைமுக வரிசையில் நிற்கும்போது

கன்டெய்னர் லாரிகள் துறைமுக வாசலுக்காக எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் காத்திருப்பதை நாம் அறிவோம். பத்தடி நகர்வது, நிற்பது, மறுபடி நகர்வது. ஒவ்வொரு முறையும் பார்க்கிங் பிரேக் போட அலுப்பு ஏற்பட்டு, காலை மட்டும் பிரேக்கில் வைத்தபடி உட்காருகிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் கண் அயர்ந்தால் கால் தளரும். முன்னால் நிற்கும் வண்டிக்கும் இதற்கும் இடையே டீ வாங்கப் போகும் கிளீனர் நடந்துகொண்டிருக்கலாம். வண்டி நின்றால் பார்க்கிங் பிரேக் என்பதைக் கை தானாகச் செய்யும் பழக்கமாக்க வேண்டும். வரிசையில் நிற்கும் இரு வண்டிகளுக்கு நடுவே நிற்பதையும், நின்ற டிரைலருக்குக் கீழே படுப்பதையும் அறவே தவிர்க்க வேண்டும்.

பழுதான லாரியை இழுத்துச் செல்ல, ஸ்பிரிங் பிரேக்கை போல்ட் போட்டுப் பின்னுக்கு இழுத்து விடுவிப்பார்கள். அதன்பின் அந்தச் சக்கரத்துக்குப் பார்க்கிங் பிரேக்கே இல்லை என்று பொருள். அதற்கு முன்பே சக்கரங்களுக்குக் கட்டை வைத்திருக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் சேம்பரைப் பயிற்சி இல்லாதவர் பிரிக்கவே கூடாது. உள்ளே அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் தெறித்தால் ஆளைக் கொல்லும்.

பிடிப்பைச் சோதிக்காமல் நம்பினால்

கனடாவின் லாக்-மெகாண்டிக் நகரில் 2013 ஜூலை 6 அதிகாலை நடந்தது ஓட்டுநர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய சம்பவம். 72 டேங்கர்களில் கச்சா எண்ணெய் ஏற்றிய ரயிலை, மேட்டில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஓய்வுக்குப் போனார். ஏழு ஹேண்ட் பிரேக்குகளைப் போட்டு, பிடிக்கிறதா என்று சோதித்தும் பார்த்தார். ஆனால் சோதிக்கும்போது இன்ஜினின் ஏர் பிரேக்கை எடுக்கவில்லை. வண்டியைப் பிடித்திருந்தது அந்த ஏர் பிரேக் என்பது தெரியாமல் போயிற்று. பின்னர் இன்ஜினில் தீப்பிடித்து, தீயணைப்பு வீரர்கள் அதை அணைத்து நிறுத்த, காற்று மெல்லக் கசிந்தது. ரயில் தானாக உருண்டு சுமார் 11 கிலோமீட்டர் இறங்கி, நகரின் நடுவே தடம்புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். குறைந்தது 17 ஹேண்ட் பிரேக்குகள் தேவைப்பட்டிருக்கும் என்று விசாரணை கூறியது.

நம் வண்டிக்கும் பாடம் இதுவே. கால் பிரேக்கை அழுத்திக்கொண்டே "ஹேண்ட் பிரேக் பிடிக்கிறது" என்று முடிவு செய்வது சோதனை ஆகாது. மாதம் ஒருமுறை, முன்னும் பின்னும் ஆளில்லாத லேசான சரிவில் நியூட்ரலில் ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டு, கால் பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்துப் பாருங்கள். நகர்ந்தால் உடனே கால் பிரேக்கை மிதித்து நிறுத்திவிட்டு, மெக்கானிக்கிடம் போங்கள். லீவர் முன்பைவிட அதிக உயரம் வந்த பிறகே பிடிக்கிறது என்றாலும் கேபிளையும் லைனரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்புக் காற்றும் வெள்ளமும்

கடலோரத்தில் கேபிள் சீக்கிரம் துருப்பிடிக்கும். மீன் வண்டிகளில் ஐஸ் தண்ணீரும் உப்பும் அடியில் வழிந்துகொண்டே இருப்பதால் இன்னும் வேகமாக அரிக்கும். துருப்பிடித்த கேபிள் இழுத்தால் பிடிக்காது, அல்லது விட்டால் திரும்பாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் நம் பகுதியில் எத்தனையோ வண்டிகள் நீரில் நின்றன. நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டபடி நாட்கணக்கில் விட்டால் லைனர் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். நீண்ட நாள் நிறுத்துவதானால் சமதரையில் கியரில் போட்டு, சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுவது நல்லது. ஈரமும் மீன் எண்ணெயும் படிந்த தரையில் சக்கரம் பூட்டியிருந்தாலும் வண்டி வழுக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

சாலையோரம் டயர் மாற்றும்போது

முடிந்தவரை சாலையை விட்டு விலகி, கெட்டியான சமதரையில் நிறுத்துங்கள். நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, பின்னால் போதிய தூரத்தில் எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரிலும் போடுங்கள். எல்லோரையும் இறக்கி ஓரமாக நிற்க வையுங்கள். ஜாக்கி போடும் சக்கரத்துக்கு மூலைக்கு மூலையாக உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ வையுங்கள். முன்சக்கரத்தால் ஓடும் காரில் ஒரு முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கப்பட்டதும், கியர் அந்த வண்டியைப் பிடிக்காது. நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே சற்றுத் தளர்த்துங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ நுழைக்காதீர்கள்.

ஓடும்போது கால் பிரேக் விட்டுவிட்டால் கியரைக் குறைத்துக்கொண்டே ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். லீவரை முழுவதும் இறக்கிய பின்னும் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தால், பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், ஓட்ட வேண்டாம்.

சட்டமும் பொறுப்பும்

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 126-ஆம் பிரிவு, உரிமம் பெற்ற ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகர முடியாதபடி செய்திருக்க வேண்டும் என்கிறது. ஃபிக்ஹு நூல்களிலும் பொதுவழியில் கால்நடையை நிறுத்தி வைத்தவரின் பொறுப்பு பற்றிப் பேசப்பட்டிருப்பதை ஓதியவர்கள் அறிவார்கள். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு, முதலில் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வரும் செய்தியும் நாம் அறிந்ததே. இன்று நம் வாசலில் நிற்கும் வண்டிக்கு அந்தக் கயிறு ஹேண்ட் பிரேக்தான்.

வீட்டில் சொல்லி வைக்க வேண்டியவை

• சிறு பிள்ளையை வண்டியில் தனியாக விட்டு "இதோ வந்துவிடுகிறேன்" என்று கடைக்குப் போகாதீர்கள். லீவரின் பட்டனை அழுத்தி இறக்க ஐந்து வயதுப் பிள்ளையாலும் முடியும்.
• நின்ற வண்டியின் பின்னாலும், இரு வண்டிகளுக்கு நடுவிலும் விளையாடக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.
• வண்டி தானாக உருளத் தொடங்கினால் முன்னால் நின்று தடுக்கவோ, ஓடிப்போய் ஏறவோ முயலாதீர்கள். சத்தம் போட்டு வழியில் உள்ளவர்களை விலக்குங்கள். வண்டி போனால் போகட்டும்.
• இரும்பு வளையம் மாட்டிய இரண்டு மரக்கட்டைகளை வண்டியில் எப்போதும் வைத்திருங்கள். மரப்பட்டறையில் கேட்டால் வெட்டித் தருவார்கள்.