மாரடைப்பு அவசர சிகிச்சையில் ஆஸ்பிரின்

மாரடைப்பு வந்தவருக்கு முதலில் கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்று ஆஸ்பிரின். விலை மிக மலிவு. இதய ரத்தக்குழாயில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்ததும் தட்டணுக்கள் அங்கே திரண்டு கட்டியாகின்றன. அவற்றைத் திரளவைக்கும் திராம்பாக்சேன் சுரப்பதை ஆஸ்பிரின் நிறுத்துகிறது. ஒருமுறை முடங்கிய தட்டணு, தன் 8 முதல் 10 நாள் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும்.

1899-இல் பேயர் நிறுவனம் இதை விற்கத் தொடங்கியபோது இது வலிக்கும் காய்ச்சலுக்குமான மருந்து. இது வேலை செய்யும் விதத்தை ஜான் வேன் 1971-இல் கண்டுபிடித்தார். 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். இதய சிகிச்சையில் இதற்கு அசைக்க முடியாத இடம் தந்தது 1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. 17,187 நோயாளிகளிடம் நடந்த அந்த ஆய்வில், தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஐந்து வார இறப்பை 23 சதவீதம் குறைத்தது.

எவ்வளவு விரைவில் வேலை செய்யும் என்பது சாப்பிடும் முறையைப் பொறுத்தது. 1999-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 325 மில்லிகிராம் மாத்திரையை மென்றவர்களுக்கு 5 நிமிடத்தில் திராம்பாக்சேன் பாதியாகக் குறைந்தது. முழுதாக விழுங்கியவர்களுக்கு 12 நிமிடம் ஆனது. சென்னையில் மயிலாப்பூரிலோ தி. நகரிலோ மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது, வயிற்றைப் புண்ணாக்காமல் குடலில் கரையும்படி உறை போட்ட மாத்திரை. தினசரி சாப்பிட அது சரி. நெஞ்சுவலி நேரத்தில் அதை அப்படியே விழுங்கினால் அந்த உறையே தாமதமாக்கும். மென்றுதான் சாப்பிட வேண்டும். நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட்டை இதற்கு ஈடாக நினைப்பவர்கள் உண்டு. அது ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து, தட்டணுக்களை ஒன்றும் செய்யாது.

நெரிசல் நேரத்தில் பாண்டி பஜாரிலிருந்தோ அடையாறிலிருந்தோ பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் போகும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைக்கு இழப்பு. 2008-இல் தமிழகத்துக்கு வந்த 108 ஆம்புலன்ஸ் இந்த நிலையை மாற்றத் தொடங்கியது. பிறகு இதய மருத்துவர்களான கோவையின் தாமஸ் அலெக்சாண்டர், சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனின் அஜித் முல்லசாரி ஆகியோர் முன்னின்று, சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைக்கும் முறையைச் சோதித்தார்கள். 2,420 பேரைக் கொண்ட அந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ஓராண்டு இறப்பு 17.6-இலிருந்து 14.2 சதவீதமாக இறங்கியிருந்தது.

அடுத்த படி இன்னும் எளிமையானது, என் கணிப்பில் இன்னும் துணிச்சலானது. 2023 ஜூனில் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை நிலையங்களிலுமே முதல் டோஸ் மாத்திரைகள் வைக்கப்பட்டன: ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோகிரல் 75 மில்லிகிராம் நான்கு, அடார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் எட்டு, மொத்தம் பதினான்கு. அவற்றைக் கொடுத்த கையோடு நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்.

ஆஸ்பிரின் அடைப்பைத் திறந்துவிடாது. கட்டி மேலும் வளராமல் தடுக்கும், அவ்வளவே. திறக்க ஆஞ்சியோபிளாஸ்டியோ கட்டியைக் கரைக்கும் ஊசியோ வேண்டும். வீட்டில் பெரும்பாலும் நேரம் வீணாவது மாத்திரையால் அல்ல. 'கேஸ்தான்' என்று சோடா குடித்துக் காத்திருப்பதால். ஆஸ்பிரின் ஒவ்வாமை, குடல்புண்ணில் ரத்தக்கசிவு, பக்கவாத அறிகுறி உள்ளவர்களுக்கு இதைத் தாமாகக் கொடுக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டுச் செய்ய வேண்டும்.