கையுறைத் தூளும் குடல் ஒட்டும்

குடல்வால் அறுவை முடிந்து நலமாக வீடு திரும்பியவருள் சிலர், பல ஆண்டுகள் கழித்து வயிற்று வலியும் வாந்தியுமாக மீண்டும் மருத்துவமனைக்கு வருவதுண்டு. குடலின் வளைவுகள் நார் போன்ற பட்டைகளால் ஒட்டிக்கொண்டு, குடல் பாதை அடைபட்டிருக்கும். இந்த ஒட்டு எவ்வாறு உண்டாகிறது?

வயிற்றறையின் உட்புறத்தையும் குடலையும் பெரிட்டோனியம் என்னும் வழுவழுப்பான மெல்லிய சவ்வு போர்த்தியுள்ளது. அது காயமுற்றால், ஃபைப்ரின் என்ற பசை போன்ற புரதம் உண்டாகி இரு பரப்புகளை ஒட்டுகிறது. பெரும்பாலும் சில நாட்களில் உடலே இதனைக் கரைத்துவிடும். அழற்சி நீடித்தாலோ, கரையாத ஃபைப்ரின் மீது நார்த்திசு வளர்ந்து நிலைத்துவிடும். அழற்சியை நீடிக்கச் செய்பவற்றுள் ஒன்று, வயிற்றுக்குள் விழும் அயற்பொருள். அத்தகைய பொருள் ஒன்று மருத்துவரின் கையுறையிலிருந்தே வந்தது!

1889-90ஆம் ஆண்டுக் குளிர்காலம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைச் செவிலி கரோலின் ஹாம்ப்டனின் கைகள், கிருமிகளைக் கொல்லப் பயன்பட்ட மெர்க்குரிக் குளோரைடு கரைசலால் புண்பட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் கம்பெனியிடம் சொல்லி மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். கைகளைக் காக்க வந்த உறை, பின்னர் நோயாளியையும் கிருமிகளிடமிருந்து காத்தது.

ஆனால் தோலுக்கும் ரப்பருக்கும் இடையே உராய்வு மிகுதி. இடையில் நுண்தூளைத் தூவினால் நேரடித் தொடுகை குறைந்து, கை எளிதில் நுழையும். முதலில் லைக்கோபோடியம் என்ற செடியின் வித்துத்தூளும், பின்னர் டால்க் என்னும் மெக்னீசியம் சிலிக்கேட்டும் பயன்பட்டன. கையுறையின் வெளிப்புறத்தில் ஒட்டிய தூள் வயிற்றுக்குள் உதிர்ந்தது. டால்க் உடலில் கரையாது. துகள்களைச் சுற்றி வெள்ளணுக்கள் திரண்டு சிறு கட்டிகளும் ஒட்டுகளும் தோன்றின.

டால்க்கின் தீமை தெளிவானபின், 1947இல் பதப்படுத்திய சோள மாவுத்தூள் அறிமுகமாயிற்று. மாவுப்பொருளை உடல் உட்கொண்டுவிடும் என்று நம்பினர். ஆனால் அதுவும் அழற்சியையும் ஒட்டையும் உண்டாக்கியது. கையுறையைக் கழுவியும் தூள் முற்றிலும் நீங்கவில்லை. குளோரின் கொண்டு பதப்படுத்தியோ, உட்புறத்தில் பாலிமர் பூசியோ உராய்வைக் குறைக்கும் வழி பிறந்தபின் தூளுக்கே தேவையில்லாது போயிற்று. 2017 ஜனவரியில் அமெரிக்க அரசு தூளிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடை செய்தது.

தூள் ஒழிந்தாலும் ஒட்டு முற்றிலும் ஒழியவில்லை. அறுவையே ஒரு காயமன்றோ? திசுக்களை மென்மையாகக் கையாள்வதும், அவை உலராமல் காப்பதும், இரத்தக் கசிவை நிறுத்துவதும் ஒட்டைக் குறைக்கும். ஜெர்மனியின் கீல் நகரில் 1980இல் குர்ட் செம் முதன்முதலாகச் செய்த, சிறு துளைகள் வழியே குடல்வாலை அகற்றும் முறையும் இதற்கு உதவுகிறது.

முன்பு வயிற்றில் அறுவை செய்துகொண்டவருக்கு வாந்தியும் வயிற்று உப்பசமும் வந்து, மலமும் காற்றும் பிரியாவிட்டால், உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பழைய அறுவையை அவரிடம் மறவாமல் சொல்ல வேண்டும்.