போர்க்கால ரைபிள்களை வாசித்தல்

போர்க்கருவிகள் கடல்வழியே வந்திறங்குவது காயல் கரைக்குப் புதிதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியப் படைக்கான குதிரைகள் அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் காயல் துறையில் வந்திறங்கின. மார்க்கோ போலோ அதைக் குறிப்பிடுகிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் அக்குதிரைகளின் எண்ணிக்கையையும் விலையையும் எழுதிவைத்தார். அந்தக் காயல் இன்றைய பழையகாயலே என்பது கால்டுவெல்லின் முடிவு. அதற்குத் தெற்கே, தாமிரபரணியைக் கடந்தால் காயல்பட்டினம். பதினாறாம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்குப் போர்த்துக்கீசியர் வந்தபோது வெடிகருவியும் வந்தது. 'துப்பாக்கி' என்ற சொல்லே துருக்கிய மொழியிலிருந்து வந்ததுதான். குறளில் வரும் ஒலியொத்த சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை.

இத்தனை நீண்ட பழக்கம் இருந்தும், இக்கரையில் ஒரு பழைய துப்பாக்கியைப் பார்ப்பது அரிது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் உலகப்போர்க் கால ரைபிள்களைச் சேகரிப்பதும் மதிப்பிடுவதும் தனி அறிவுத்துறையாகவே வளர்ந்திருக்கிறது. நம்மிடம் அது ஏன் இல்லை என்று கேட்டால், விடை 1801இல் தொடங்குகிறது. அவ்வாண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை வீழ்ந்தது. நவம்பரில் ஊமைத்துரை தூக்கிலிடப்பட்டார். டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் படைக்கலங்களை ஒப்படைக்கவும் பிரகடனம் வெளியிட்டார். கால்டுவெல் தமது திருநெல்வேலி வரலாற்றில் அதைப் பதிப்பித்திருக்கிறார். பின்னர் லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியரை உரிமத்துக்குள் அடக்கியது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. சுதந்திர இந்தியாவின் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தில் வந்தது. கட்டுப்பாடு மட்டும் நீடித்தது.

ஆகவே நம்மில் பெரும்பாலோர் ஒரு போர்க்கால ரைபிளைத் தொட்டுப் பார்த்தது கல்லூரியில், தேசிய மாணவர் படையின் அணிவகுப்பில்தான். 'திரீ நாட் திரீ' என்று மாணவர் அழைக்கும் அந்தக் கருவி, சுடமுடியாதபடி ஆக்கப்பட்ட பயிற்சி ரைபிள். தோளில் சுமந்தவர்கள் அதன் எடையை நினைவில் வைத்திருப்பார்கள். அதன் மேல் எழுத்துகள் இருந்தன என்பதைக் கவனித்தவர் சிலரே.

அது லீ-என்ஃபீல்டு வகை. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த பொறியமைப்பும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலையும் சேர்ந்து அப்பெயரைத் தந்தன. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி. குழலின் உட்புறம் திருகுபுரி. இதன் இந்தியப் பிறப்பிடம் கல்கத்தாவுக்கு அருகில் ஹூக்ளிக் கரையிலுள்ள ஈசாப்பூர். 1787இல் வெடிமருந்து ஆலைக்குத் தேர்ந்த அவ்விடத்தில் 1904இல் ரைபிள் தொழிற்சாலை நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் இங்கிலாந்து 'எண் 4' என்ற புதிய மாதிரிக்கு மாறிய பின்னும், ஈசாப்பூர் 1907ஆம் ஆண்டின் பழைய மாதிரியையே செய்துவந்தது. இருபத்தைந்து இலட்சம் பேராக வளர்ந்த இந்தியப் படைக்கு ரைபிள்கள் உடனே தேவைப்பட்டன. கைபழகிய மாதிரியை விட்டு இயந்திரங்களை மாற்றிக்கொண்டிருக்க அப்போது அவகாசமில்லை.

இத்தகைய ரைபிளை எப்படி வாசிப்பது? பின்கட்டை உலோகப் பகுதியோடு சேரும் இடத்தில் ஓர் இரும்புக் கழுத்து உண்டு. அதன் வலப்புறத்தில் மணிமுடி. அதன் கீழ் 'ஜி.ஆர்.ஐ.' என்ற மூன்றெழுத்து. பிறகு ஈசாப்பூர் என்ற பெயர், ஆண்டு, மாதிரி எண். மூன்றெழுத்தின் பொருள் 'ஜார்ஜ், அரசர், பேரரசர்'. இங்கிலாந்தில் செய்தவற்றில் 'ஜி.ஆர்.' மட்டுமே இருக்கும். 'பேரரசர்' என்ற மூன்றாம் எழுத்து இந்தியாவுக்கே உரியது. விடுதலைக்குப் பின் செய்யப்பட்டவற்றில் மணிமுடி மறைந்து அசோகச் சிங்கம் அமர்ந்தது. ஆட்சி மாற்றத்தை ஓர் அங்குல இரும்பில் காணலாம்.

மாதிரி எண்ணின் அருகே சில துப்பாக்கிகளில் ஒரு சிறு நட்சத்திரம் இருக்கும். அலங்காரம் என்று அதைக் கடந்துவிடக்கூடாது. 1916இல், முதல் உலகப்போர் பதுங்குகுழிகளில் தேங்கி நின்றபோது, உற்பத்தியை விரைவுபடுத்தச் சில உறுப்புகளைக் கைவிட்டார்கள்: பெட்டியிலுள்ள தோட்டாக்களைச் சேமித்து ஒவ்வொன்றாகச் சுடவைக்கும் தகடு, நெடுந்தொலைவுக்குக் கூட்டாகச் சுட உதவும் பக்கவாட்டுக் குறிக்கருவி ஆகியன. நட்சத்திரம் இந்த இழப்பின் அடையாளம். போர்க்கால உற்பத்தியை மதிப்பிடுவோர் முதலில் தேடுவது இத்தகைய விடுபடல்களைத்தான். அமைதிக்காலக் கருவியில் மெருகு பேசும்; போர்க்காலக் கருவியில் அவசரம் பேசும். ஈசாப்பூர் ரைபிள்கள் பலவற்றில் முன்கட்டையைக் குறுக்கே பிணைக்கும் ஒரு திருகாணி உண்டு. மரம் பிளவாமல் இருக்கச் செய்த இந்திய ஏற்பாடு அது.

அடுத்தது எண்கள். போல்ட், குழல், முன்மூக்கு, உடல் ஆகியவற்றில் ஒரே வரிசை எண் இருந்தால், அவை பிறந்த நாள் முதல் பிரியாதவை என்று கொள்ளலாம். எண்கள் வேறுபட்டால் இடையில் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது. அதுவும் ஒரு செய்தியே. இரண்டாம் உலகப்போருக்குப் பின் மேலைநாடுகளில் மலிவாக விற்கப்பட்ட ரைபிள்களைப் பலர் கட்டை அறுத்து வேட்டைக் கருவிகளாக்கினர். இன்று அறுபடாதவற்றுக்கே மதிப்பு. மெருகேற்றியதற்கும் மதிப்பில்லை, உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் துருவோடு முத்திரையும் போய்விடும்.

போலிகளும் உண்டு. கோஹாட் கணவாயை ஒட்டிய தாரா ஆதம் கேல் பட்டறைகளில் கைவினைஞர்கள் லீ-என்ஃபீல்டுகளை அப்படியே படியெடுத்தனர். பொறித்த எழுத்தை உருவமாக மட்டும் கண்டு படியெடுத்தவை ஆதலால் சில எழுத்துகள் இடவலம் மாறி நிற்கும். விக்டோரியா அரசியின் முத்திரைக்குக் கீழே 1901க்குப் பிந்திய ஆண்டு இருக்கும்; அவர் மறைந்ததோ 1901இல். செப்பேட்டு ஆய்வாளர்களுக்கு இது பழகிய வழி. எழுத்தின் காலமும் சொல்லப்பட்ட அரசனின் காலமும் பொருந்தாதபோது பட்டயம் போலி என்று அவர்கள் முடிவு செய்வதும் இப்படித்தான்.

இதையெல்லாம் நாம் அறிந்து என்ன பயன் என்ற கேள்வி எழலாம். .303 அளவு ரைபிள் தனியாருக்குத் தடைசெய்யப்பட்டது; வேட்டைக்கும் காவலுக்கும் .315 என்ற மாற்று அளவு வந்ததே அதனால்தான். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரையாக வந்தவையும் அதில் அடங்கும். பழுதுபார்த்தாலும் சுடவியலாத, தொன்மை மதிப்புடைய கருவிக்கு மட்டும் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. இன்னொரு பக்கம், வரலாற்று மதிப்புள்ள பொருள் நூறாண்டைக் கடந்தால் அது தொல்பொருள் என்கிறது 1972ஆம் ஆண்டுச் சட்டம். முதல் உலகப்போர்க் கால ரைபிள்கள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன.

அதாவது, அவை தொல்பொருளாகும் காலமும் வழக்கொழியும் காலமும் ஒன்றாகவே வந்திருக்கின்றன. உத்தரப் பிரதேசக் காவல்துறை 2020ஆம் ஆண்டுக் குடியரசு நாள் அணிவகுப்போடு தன் .303 ரைபிள்களுக்கு விடைகொடுத்தது. கழிக்கப்பட்ட படைக்கலம் உலைக்குப் போனால் அதன் எண்ணும் ஆண்டும் முத்திரையும் உடன் உருகும். காயல்பட்டினத்து மீசான் கற்களை நாம் படித்தறிவது யாரோ அவற்றைப் புரட்டிப் போடாமல் விட்டதால்தான்.

துப்பாக்கி மோகம் வேண்டும் என்பதன்று என் கருத்து. இக்கருவிகள் மனிதரைக் கொல்லவே செய்யப்பட்டவை. அவை கொன்ற காலத்தின் பதிவு வேறெங்கும் இவ்வளவு துல்லியமாக இல்லை என்பதால்தான் சொல்கிறேன். மாணவர் படைக் கிடங்குகளிலும் காவல் கிடங்குகளிலும் கழிப்பதற்கு முன், கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதுபோல ஒவ்வொன்றின் இரும்புக் கழுத்தையும் அதற்குரிய அலுவலரே படமெடுத்துப் பட்டியலிட்டு, ஒன்றிரண்டை அருங்காட்சியகத்துக்கு அனுப்பலாம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது எவருக்கேனும் ஒரு துருவேறிய குழல் கிடைத்தால், தேய்க்காமலும் பழைய இரும்புக் கடைக்குப் போடாமலும் காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, அருங்காட்சியகத்துக்கும் ஒரு கடிதம் எழுதினால் போதும்.