விஷம்னு தெரிஞ்சும் பூசின வெள்ளை

உங்க ரூம் சுவர், டூத்பேஸ்ட், வெள்ளை பிளாஸ்டிக் சுவிட்ச் போர்டு, எல்லாத்தோட வெள்ளைக்கும் பெரும்பாலும் காரணம் ஒரே பொருள்தான்: டைட்டானியம் டை ஆக்சைடு. அது வர்றதுக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தது ஈய வெள்ளை. காரீயத்துல இருந்து செய்யறது. (வெள்ளீயம் வேற, அது டின்.) இன்னைக்கு எபிசோட் அதைப் பத்திதான்.

டச்சுக்காரங்க செஞ்ச முறை ரொம்ப சிம்பிள். மண்பானைக்கு அடியில வினிகர், மேல சுருட்டின ஈயத் தகடு. பானைகளைச் சுத்திக் குதிரைச் சாணத்தை அடுக்கி, ஷெட்டை மூடி, சுமார் மூணு மாசம் விட்டுடுவாங்க. சாணம் நொதிச்சா சூடும் கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். வினிகர் ஆவி ஈயத்தை அரிக்கும். திறந்து பார்த்தா தகடு முழுக்க வெள்ளைப் பொருக்கு.

அந்தப் பொருக்கைச் சுரண்டி, சுமந்து, காயவைக்க ஆள் வேணுமே? இங்கிலாந்துல பெரும்பாலும் ஏழைப் பெண்கள்தான் அந்த வேலையைச் செஞ்சாங்க. வயித்துவலி, கை செயலிழப்பு, வலிப்பு, சில பேருக்கு மரணம். லண்டன்ல இந்த மில்களைப் பத்தி சார்லஸ் டிக்கன்ஸ் 1868லயே எழுதிட்டார். அதுல ரொம்ப ஆபத்தான வேலைகள்ல பெண்களைச் சேர்க்கக் கூடாதுன்னு தடை வந்தது 1898ல. நடுவுல 30 வருஷம்.

இவ்ளோ தெரிஞ்சும் ஏன் விடல? காரணம் ஒளிவிலகல். சாக்பவுடரை எண்ணெயில கலந்தா வெள்ளை மங்கி, கண்ணாடி மாதிரி ஆயிடும். ரெண்டுமே ஒளியைக் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு வளைக்குது, அதான். எண்ணெயோட ஒளிவிலகல் எண் சுமார் 1.5, ஈய வெள்ளைக்கு 2. அந்த வித்தியாசம்தான் அடியில இருக்கற கறையை மறைக்குது. பாரிஸ்ல லெக்லேர்ங்கற பெயின்ட்டிங் கான்ட்ராக்டர் தன் ஆட்களோட உடம்பை நினைச்சு, 1840கள்லயே துத்தநாக வெள்ளைக்கு மாறினார். ஆனா அது அந்த அளவுக்கு மறைக்காது, மத்தவங்க தயங்கினாங்க.

டைட்டானியம் டை ஆக்சைடோட ரூட்டைல் வடிவத்துக்கு அந்த எண் சுமார் 2.7. வைரத்துக்கே 2.4தான்! இந்தத் தனிமத்தை வில்லியம் கிரெகர் 1791ல இங்கிலாந்தோட கார்ன்வால்ல கண்டுபிடிச்சது கருமணல்ல. நார்வேயிலயும் அமெரிக்காவிலயும் 1916 வாக்குல இது பெயின்ட்டுக்கான பொடியா வந்துச்சு. உடனே உலகம் கருமணலைத் தேட ஆரம்பிச்சது. அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானத்துல இருந்த நம்ம மணவாளக்குறிச்சியில, மோனசைட்டைப் பிரிச்ச பிறகு மிச்சமா கிடந்த கறுப்பு இல்மனைட், கப்பல் ஏறிச்சு.

எங்க ஐடி ஃபீல்டுல ஒரு நம்பிக்கை உண்டு: பெட்டரான வெர்ஷன் வந்தா பழசு தானா போயிடும். இங்க போகல. கட்டடங்களுக்கு உள்ள ஈய வெள்ளை பூசக் கூடாதுன்னு 1921ல சர்வதேச தொழிலாளர் அமைப்பு உடன்படிக்கை போட்டுச்சு. அமெரிக்கா அதுல சேரவே இல்ல. அங்க வீட்டு பெயின்ட்ல ஈயத்துக்குத் தடை 1978ல. இந்தியாவுல ஈய வெள்ளையோட, மஞ்சள், சிவப்பு எனாமல்ல சேர்க்கற ஈயத்தையும் சேர்த்து, 90 பிபிஎம்தான் உச்சவரம்புன்னு விதி நடைமுறைக்கு வந்தது 2017ல. நல்ல மாற்று வந்து 100 வருஷம் கழிச்சு.

மாற்று கண்டுபிடிக்கறது பாதி வேலைதான். மீதி பாதி சட்டம். அதனால பழைய வீட்டு ஜன்னல், கதவை ரீ-பெயின்ட் பண்றீங்கன்னா, காய்ஞ்ச பெயின்ட்டை அப்படியே தேய்க்க விடாதீங்க. தண்ணி போட்டு, ஈரமா தேய்க்கச் சொல்லுங்க. பெயின்ட்டர் அண்ணனுக்கு மாஸ்க் கொடுங்க. குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீங்க.