நாய் வண்டி வந்த தெரு

2025 ஆகஸ்ட் கடைசியில் நந்தனத்தில் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் நடந்தது. தண்ணீர்த் தொட்டி, வாகன நிறுத்தம் எல்லாம் பேசி முடித்த பிறகு தெருநாய் விவகாரம் வந்தது. டெல்லித் தெருநாய்கள் பற்றிய உச்ச நீதிமன்ற உத்தரவு அப்போது எல்லார் வாயிலும் இருந்தது. "எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போகச் சொல்லி ஒரு மனு கொடுத்துடலாம். சார்தான் டிராஃப்ட் பண்ணணும், கவர்மென்ட்ல இருந்தவர்" என்று செயலாளர் என்னைக் காட்டினார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். காரணத்தை அங்கே சொல்லவில்லை. இதே மாதிரி மனுவை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன்.

அது 1984. அப்போது வேறொரு தெருவில் வாடகைக்கு இருந்தோம். ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி. அவன் அலறியது அடுத்த வீட்டு வரைக்கும் கேட்கும் என்பார்கள், எங்களுக்குக் கேட்டது. பெரியவர்கள் கூடி மனு கொடுக்க முடிவு செய்தார்கள். இரண்டு கார்பன் வைத்து டைப் அடித்துக் கொடுத்தவன் நான். ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் நாய் வண்டி வந்தது. கடித்த நாய் அகப்படவில்லை. அகப்பட்டது மணி. யாரையும் பார்த்துக் குரைக்கக்கூடத் தெரியாத பழுப்பு நிறப் பெட்டை அது. கம்பிச் சுருக்கில் இழுத்துப் போனபோது அதன் மடியில் பால் இருந்தது. மாடிப்படிக்கு அடியில் இரண்டு குட்டிகள் இருந்ததை வண்டி போன பிறகுதான் பார்த்தோம். ஒன்றைப் பால்காரர் எடுத்துக்கொண்டார். மற்றதற்கு என் மனைவி பஞ்சில் பால் நனைத்துக் கொடுத்தாள். நான்கு நாள் இருந்தது.

அந்த வண்டிக்கு நீண்ட சரித்திரம் உண்டு. சென்னை மாநகராட்சி 1860-லேயே நாய்களைப் பிடித்துக் கொல்ல ஆரம்பித்துவிட்டது. பம்பாயில் அதற்கும் முந்தி, 1832 ஜூனில், நாய் பிடிப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துக் கொல்லச் சொன்னபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் தெருவில் இறங்கிக் கலவரமே மூண்டது. சென்னையில் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பிடித்த நாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1970-களில் இப்படிச் செத்த நாய்களின் எண்ணிக்கை எவ்வளவு பெருகியது என்றால், அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் நாய்த்தோலில் பணப்பையும் கழுத்துப்பட்டையும் செய்யலாமா என்று யோசிக்கும் அளவுக்கு!

கொன்றும் நாய்கள் குறைந்தனவா? இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நம் பக்கத்து தியாகராய நகர்க்காரர்கள். விமானி கேப்டன் வி. சுந்தரம் 1959 மழை வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானி. சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று பெயர் பெற்றவர். அந்தக் குடும்பத்து வீட்டில் பிறந்ததுதான் ப்ளூ கிராஸ். 1964-ல் அவர்கள் மகன் சின்னி கிருஷ்ணா மாநகராட்சிக்கு ஒரு யோசனை சொன்னார்: கொல்லாதீர்கள், கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். இத்திட்டத்துக்கு அவர் வைத்த பெயர் ஏ.பி.சி. குழந்தைக்கும் புரியட்டும் என்றுதான் அந்தச் சுருக்கம்.

ஏன் அதே இடத்தில் விட வேண்டும்? ஒரு தெருவில் எத்தனை நாய் பிழைக்கும் என்பதை அங்கே கிடைக்கும் எச்சிலும் குப்பையும் முடிவு செய்கின்றன. இருக்கும் நாய்களை எடுத்துவிட்டால் அந்தச் சோற்றுக்குப் பக்கத்துத் தெரு நாய்கள் வரும். அவை ஊசி போடாதவை, குட்டி போடுபவை. ஊசி போட்ட நாய் தன் எல்லையை விட்டுக்கொடுக்காமல் நின்றால், அதுவே தெருவுக்குக் காவல். எங்கள் தெருவிலும் மணி போன ஆறு மாதத்தில் நான்கு புது நாய்கள் வந்தன.

யோசனை சொல்லி 32 ஆண்டுகள் கழித்து, 1996-ல்தான் மாநகராட்சி ஏற்றுக்கொண்டது. 2001-ல் மத்திய அரசு அதை நாடு முழுவதுக்கும் விதியாக்கியது; 2023-ல் புதிய விதிகள் வந்தன. கோப்பு நகர எத்தனை நாளாகும் என்று தெரிந்த எனக்கே 32 ஆண்டு அதிகமாகத்தான் பட்டது.

வெறிநோயை லேசாகச் சொல்லக்கூடாது. அறிகுறி தெரிந்த பின் பிழைப்பது அநேகமாக இல்லை. நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். பஸ்த்தேரின் கதை எங்களுக்குச் சின்ன வகுப்பிலேயே பாடம். (இங்கே அவர் பெயரைப் பாஸ்டர் என்கிறார்கள்.) அல்சாஸைச் சேர்ந்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்தேரை வெறிநாய் கடித்தது. அவன் தாய் அவனைப் பாரீஸுக்கு அழைத்து வந்தாள். 1885 ஜூலை 6-ல் முதல் ஊசி. பையன் பிழைத்தான்; பிற்காலத்தில் பஸ்த்தேர் நிறுவனத்திலேயே வாயிற்காவலர் ஆனான். அந்த வழியில் வந்ததுதான் 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனம். நம் 14 ஊசி ஆட்டு மூளையிலிருந்து செய்தது. 2004-க்குப் பிறகு அது இல்லை. இப்போது கையில் நான்கைந்து ஊசியோடு முடிகிறது. ஆனாலும் உலகில் வெறிநோயால் சாகிறவர்களில் சுமார் 36 சதவீதம் இந்தியர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும் என்றும் அதுவே சொல்கிறது.

நம் ஊர் நிலை என்ன? 2024 கணக்கெடுப்பில் சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அவற்றில் கருத்தடை ஆனவை 27 சதவீதம்தான். திட்டம் தோற்றதாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறார்கள். எனக்கு இது பாதியில் நிற்கும் வேலையாகத் தெரிகிறது.

உச்ச நீதிமன்றமும் ஆகஸ்ட் 11-ல் டெல்லி நாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. 22-ல் மூன்று நீதிபதிகள் அதை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்துப் பழைய இடத்திலேயே விடச் சொன்னார்கள். விரும்புகிறவர் தத்து எடுக்கலாம், ஆனால் திரும்பத் தெருவில் விடக்கூடாது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றை மட்டும் அங்கே திரும்ப விட வேண்டாம் என்று உத்தரவானது.

இரண்டு நாள் கழித்து மனுவைக் கொண்டுபோனேன். எங்கள் வளாகத்தில் ஒன்பது நாய்கள், அவற்றில் ஐந்துக்குக் காதில் கருத்தடை அடையாள வெட்டு இல்லை, அந்த ஐந்துக்கும் அறுவை செய்து ஒன்பதுக்கும் ஊசி போட்டு இங்கேயே விட வேண்டும் என்று எழுதியிருந்தேன். "நாளைக்கு என் பேரனைக் கடிச்சா நீங்களா ஊசி போட்டுப்பீங்க?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான பயம். 1984-ல் நான் டைப் அடித்ததும் அதே பயத்தில்தான். மணியின் கதையைச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் வெளியாருக்கு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் பதில் பேசவில்லை. கையெழுத்தும் போடவில்லை. மற்றவர்களில் பாதிக்கு மேல் போட்டார்கள்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம். கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு, அவன் நாய் கோவிவனையும் பெயர் சொல்லிச் செதுக்கியிருக்கிறார்கள். கூடவே நின்று போராடிய நாய். அப்படி வாழ்ந்த இனத்துக்கு இன்று 'நாட்டு நாய்' என்று பெயர். காசு கொடுத்து வெளிநாட்டு ரகம் வாங்குகிற நாம் சும்மா கொடுத்தாலும் அதை வீட்டுக்குள் சேர்ப்பதில்லை.

மனுப்படி ஐந்தில் நான்குக்கு வேலை முடிந்துவிட்டது. ஐந்தாவது, மூன்று மாதக் குட்டி, எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயர் வைக்கச் சொன்னபோது என் மனைவி யோசிக்கவே இல்லை. மணி என்றாள்.

உங்கள் தெருவிலும் காது வெட்டாத நாய்கள் எத்தனை என்று நாளைக் காலை பால் வாங்கப் போகும்போது எண்ணிப் பாருங்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன்.