எழுத்துக்கூட்டலும் அதிகாரமும்

ஆங்கிலத்தில் விஞ்ஞானக் கட்டுரை எழுதப் புகும் நம் மாணவனுக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. கந்தகத்தைக் குறிக்கும் சொல்லைப் பிரித்தானியர் போன்று 'பி', 'எச்' என ஈரெழுத்தால் எழுதுவதா, அமெரிக்கர் போன்று 'எவ்' என ஓரெழுத்தால் எழுதுவதா? ஆசிரியராகிய நாம் பெரும்பாலும் முன்னதைச் சரியென்று கொண்டு, பின்னதன் மேற் சிவப்பு மையைத் தீட்டிவிடுகிறோம். தீட்டுமுன் வரலாற்றைச் சிறிது நோக்குதல் நன்று.

அமெரிக்கா 1776 இல் சுதந்திரப் பிரகடனஞ் செய்தது. பள்ளி ஆசிரியராயிருந்த நோவா வெப்ஸ்டர், சுதந்திர நாட்டுக்கு ஆட்சியைப் போலவே மொழிவழக்கும் தனக்குரியதாய் இருத்தல் வேண்டுமென 1789 இல் வாதிட்டார். சாமுவேல் ஜோன்சனின் 1755 ஆம் ஆண்டு அகராதி இங்கிலாந்தில் நிலைநாட்டிய எழுத்துமுறை பலவற்றை, 1828 இல் வெளிவந்த வெப்ஸ்டரின் அகராதி கைவிட்டது. நிறம், மானம் என்னும் பொருள்தரும் சொற்களிலிருந்து 'யூ' நீங்கியது. குடியேற்ற ஆட்சியை உதறிய சமுதாயமொன்றின் தன்னுணர்வை இம்மாற்றங்களிற் காணலாம்.

ஆயினும் எல்லா வேற்றுமைகளும் இவ்வாறு தோன்றியவையல்ல. அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலேயரான ஹம்ப்ரி டேவி 1808 இல் அதற்கு 'அலுமியம்' எனப் பெயரிட்டார். 1812 இல் தம் நூலில் 'அலுமினம்' என மாற்றினார். அவ்வாண்டே 'குவாட்டர்லி ரிவியூ' என்னும் இலண்டன் ஏட்டில் பெயர் குறியாத விமர்சகரொருவர், 'அலுமினம்' என்பதிற் செவ்வியல் ஓசை குறைவெனக் கூறி 'அலுமினியம்' என எழுதினார். விஞ்ஞானியின் சொல்லைக் கனவான்களின் செவி திருத்த முற்பட்டது! இன்று அமெரிக்க வழக்கென நாம் ஒதுக்குவது டேவியே ஆண்ட வடிவமாகும். வெப்ஸ்டரின் அகராதி அதனை ஏற்றது. அவ்வுலோகத்தை உற்பத்தி செய்த பெருங்கம்பெனி 1907 இல் அவ்வடிவைத் தன் பெயரிற் சூடிக்கொண்டது. அமெரிக்க இரசாயனக் கழகமோ 1925 இலேயே அதனை ஏற்றது. ஆலை முன்னே சென்றது. கழகம் பின்னே வந்தது.

கந்தகத்தின் ஈரெழுத்து வடிவுக்குக் கிரேக்கப் பெருமை கற்பிப்பார் உளர். கிரேக்கத்திற் கந்தகத்துக்கு வேறு பெயர் உண்டு. இது இலத்தீன் சொல். இலத்தீனிலேயே இரு வடிவும் வழங்கின.

ஈற்றில், தூய, பிரயோக இரசாயனவியலின் சர்வதேச ஒன்றியம் 1990 இல் அலுமினியத்துக்குப் பிரித்தானிய வடிவையும், கந்தகத்துக்கு அமெரிக்க வடிவையும் தெரிந்தெடுத்தது. 1992 இல் பிரித்தானிய இரசாயன அரச கழகமும் கந்தகத்துக்கு 'எவ்' எழுத்தையே பரிந்துரைத்தது. நம்மவர் சிலர் இன்னும் காத்துநிற்கும் எழுத்தை அதற்குரியோரே விட்டுக்கொடுத்தனர்.

ஒரு கட்டுரையில் ஒரே முறையைக் கையாளுமாறு மாணவனுக்குக் கற்பிப்போம். தெளிவுக்கு அது வேண்டும். அதற்கு மேல் வேண்டுவது யாது? கந்தகம் எரியுங்கால் எவ்வாயு பிறக்கும் என்பதை அறிந்தவனை ஓரெழுத்துக்காகத் தண்டிப்பது விஞ்ஞானம் கற்பித்தலாகாது. அது சென்றொழிந்த எசமானரின் வாயிலிற் காவல் நிற்றலேயாகும்.